மருமகளின் பெட்டிக்கு ஒரு கேபிள்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் நாட்குறிப்பில் முதலில் அதைத்தான் எழுதுவான். யாரும் கேலி செய்ய வேண்டாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை என் வீட்டுப் பூஜைதான் முறையான பூஜை. மற்றவர்கள் பைக்குக்கு ஒரு மாலை, அரிவாள்மனைக்கு ஒரு பொட்டு, முடிந்தது கதை. நான் ஆபீசில் இருந்த காலத்திலேயே ஒரு ஸ்விட்சைப் பாக்கி விட்டதில்லை. மெயினை அணைத்துவிட்டு கட்டிங் பிளேயர், டெஸ்டர், மிக்சி, மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கல்யாணத்துக்குப் பையன் வாங்கிப் போட்ட பெரிய டிவிக்கு வைக்கப் போகும்போது என் வீட்டுக்காரி காந்திமதி சத்தம் போட்டாள்.

“கண்ணாடியில அப்பி வச்சிராதீங்க! போன வருசம் ஃபிரிட்ஜுல வச்ச கறை இன்னும் போகல.”

சரி என்று டிவிக்குப் பின்னால் போனேன். அங்கே அதற்கென்றே செய்து வைத்த மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசையாக இருந்தன. சந்தனம் அம்சமாக உட்கார்ந்தது. மருமகள் நேற்று பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கறுப்பு கேம் மிஷினுக்கும் முதுகுப் பள்ளத்தில் ஒரு பொட்டு. அதுவும் ஆயுதம்தானே.

மருமகள் பெயர் பைரவி. திருச்சிக்காரி. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். ஆவணியில் கல்யாணம். இருபதே நாளில் என் பையன் கோமதிநாயகம் கத்தாருக்குத் திரும்பிவிட்டான். விசா வரும்வரை இவள் எங்களோடு இருக்கிறாள். நல்ல பிள்ளை, சத்தமே இல்லாத பிள்ளை. இரண்டு கரண்டி சுண்டல் வைத்தால் ஒரு கரண்டியைத் திருப்பி வைத்துவிடுகிறாள்.

அக்டோபர் 2, வியாழன்

மின்தடை இல்லை.

பைரவி ஹாலுக்கு வந்து தூணோரம் நின்றாள். உட்காரச் சொன்னால்தான் உட்காருவாள்.

“மாமா, இந்த டிவில என் கேம் கன்சோல மாட்டிக்கலாமா? நாளைக்கு வெள்ளிக்கிழமை.”

வெள்ளிக்கிழமைக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. “தாராளமா மாட்டுங்கம்மா. இதெல்லாம் கேக்கணுமா?” என்றேன்.

“கேபிள சென்னை ஹாஸ்டல்லயே விட்டுட்டு வந்துட்டேன். ஆன்லைன்ல போட்டா ரெண்டு நாள்ல வந்துரும்.”

கேபிள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. “கேபிளுக்கா ஆன்லைன்? பதினோராயிரம் வோல்ட் கேபிள தோள்ல போட்டுக்கிட்டு தாமிரபரணியக் கடந்தவன் நான். நீங்க பேசாம இருங்கம்மா, நாளைக்கு வாங்கி மாட்டிக் குடுத்துருதேன்.”

“சரிங்க மாமா” என்று போய்விட்டாள். எதற்கும் ‘சரிங்க மாமா’தான்.

அக்டோபர் 3, வெள்ளி

முதல் கேபிள்.

வண்ணார்பேட்டையில் ஜெபராஜின் எலெக்ட்ரிக்கல் கடை. சர்வீஸ் காலத்திலிருந்து பழக்கம். டிவிக்கு கேம் மிஷினை இணைக்க வேண்டும் என்றேன். ஒல்லியாக, நூலாக ஒரு கறுப்பு வயரை எடுத்துப் போட்டான். எச்.டி.எம்.ஐ.யாம்.

“என்னடே இது, அரைஞாண் கயிறு மாதிரி இருக்கு? இதுல எப்படிக் கரண்ட் போகும்?”

“இதுல கரண்ட் போகல அண்ணாச்சி, படம் போகுது.”

“எது போனாலும் வழி அகலமா இருக்கணும்லா?”

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலையோடு தடியாக ஒன்று தொங்கியது. அதைக் கேட்டேன். “அது பழைய டிவிக்கு உள்ளது அண்ணாச்சி” என்று இழுத்தான். நான் பிடித்த பிடியில் நின்றேன். டிவி ஓட்டைக்குப் பொருந்த ஒரு குட்டி இணைப்பு வாலையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினான். வாடிக்கையாளரோடு வாதாடாத நல்ல வியாபாரி.

நாலு மணிக்கு மாட்டினேன். படம் வந்தது! வந்தது என்னவோ உண்மை. கண்ணாடி போடாமல் நான் பேப்பர் படிப்பது மாதிரி இருந்தது. ஒரு கார், ஒரு ரோடு, எழுத்தெல்லாம் கொசகொசவென்று. பைரவி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டே ஓட்டினாள். “நீ முன்னாடி போ, எனக்கு ரோடே தெரியல. எந்தப் பக்கம் திரும்பணும்? ஐயோ, மோதிட்டேன்.” காரோடு பேசுகிறாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அணைத்துவிட்டாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்கு மாமா. தலைதான் லேசா வலிக்குது.”

அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அக்டோபர் 4, சனி

இரண்டாவது கேபிள். மூன்று தலைக்கே படம் வந்ததென்றால் ஐந்து தலைக்கு எவ்வளவு தெளிவாக வரும் என்று கணக்குப் போட்டேன். பச்சை, நீலம், சிவப்பு, இன்னொரு சிவப்பு, வெள்ளை. ஜெபராஜ் குடோனில் தேடி, தூசி தட்டி எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து டிவியை முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஐந்து தலைக்கு இந்த டிவியில் ஓட்டையே கிடையாது. ஜெபராஜுக்குப் போன் போட்டுக் கேட்டால், “புது டிவில எடுத்துட்டான் அண்ணாச்சி, அதான் நேத்தே எச்.டி.எம்.ஐ. சொன்னேன்” என்கிறான்.

காந்திமதி அதை வாங்கி, கொடியாகக் கட்டி உள்பாவாடை காயப் போட்டுவிட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

பையன் கோமுவின் போன் வந்தது.

“அப்பா, நல்லா இருக்கீங்களா?”

“ம். நீ?”

“ம். சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. வெயிலா அங்க?”

“ஆமா. அம்மாகிட்ட குடுங்க.”

கொடுத்தேன். ஆண் பிள்ளையும் அப்பனும் இதற்கு மேல் என்ன பேசுவது? கோயில் யானைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மறந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

மதியம் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். செம்பருத்தி பைரவி அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. அவள் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா, நல்லாதான் பாத்துக்கறாங்க. ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க, அதான்... ஓட்டல்ல தங்கியிருக்கற மாதிரி இருக்கு. ஒரு டம்ளர் கழுவ விடமாட்டேங்கறாங்க. தலைதீபாவளிக்கு வர்றேன்ல, அப்படியே அங்கயே இருந்துக்கறேன். விசா வந்ததும் அங்கேருந்தே போயிக்கறேன். அங்கன்னா வெள்ளிக்கிழமையாவது ஒழுங்கா விளையாடலாம்.”

தீபாவளி இருபதாம் தேதி. பிறகு அந்த அறை காலிதான்.

பெற்றவர்களோடு இருக்க ஒரு பிள்ளை ஆசைப்படுவதில் என்ன தப்பு? எனக்கு ஒன்றும் இல்லை. செம்பருத்திக்கு வாளி வாளியாக ஊற்றியிருக்கிறேன் போல. காந்திமதி வந்து, “செடிய மிதக்க விடுதீங்களா?” என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன்.

நாலு மணிக்கு ஜெபராஜ் கடைக்குப் போய், பேசாமல் அந்த ஒல்லி வயரையே வாங்கி வந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்றாவது கேபிளும் உதவவில்லை.

‘சிக்னல் இல்லை’ என்று டிவி சொல்கிறது. நீலத் திரையில் வெள்ளை எழுத்து. முனை உள்ளே போகவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. நான் விடுவேனா? அமுக்கி ஏற்றினேன். இந்த ஓட்டை, அந்த ஓட்டை, மாற்றி மாற்றிப் பார்த்தேன். பைரவி பக்கத்தில் நின்று, “விடுங்க மாமா, பரவால்ல மாமா” என்றாள். மஞ்சள் வயரையே மாட்டிக்கொள்ளலாம் என்றால், தலைவலி வரும் என்றாள். அறைக்குப் போய்விட்டாள். இன்றைக்கு அவள் சாப்பிட்டது ஒரு இட்லி.

காந்திமதி அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ளை முகத்தப் பாத்தீங்களா? அங்க அவனும் காத்துக்கிட்டு இருப்பான்.”

“எவன்?”

“எவனா? உங்க மவன்தான்! வெள்ளிக்கிழம அவனுக்கு லீவு. ரெண்டு பேரும் சேந்து கார் ஓட்டுவாங்க, அவன் அங்கருந்து, இவ இங்கருந்து. கல்யாணம் பேசி முடிச்சதுலருந்து நடக்கு. சும்மா போன்ல பேசச் சொன்னா ரெண்டுக்கும் வெக்கம், வாய் வராது. விளையாடும்போதுதான் பேச்சே. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று சொன்னேன்.

அக்டோபர் 11, சனி

கேபிள் கோளாறுதான் என்று ஜெபராஜிடம் சண்டை. அவன் கடை டிவியில் மாட்டிக் காட்டினான். பளிச்சென்று படம். “இங்க வருதுலா?” என்றான். “இங்க வந்து எனக்கு என்னடே? என் வீட்ல வரணும்” என்றேன். முனையில் தங்க முலாம் பூசிய, துணி சுற்றிய, பாம்பு மொத்தத்துக்கு ஒன்று வைத்திருந்தான். நான்காவது கேபிள். இதைப் பார்த்தவுடனே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அதே தினம், மாலை: சிக்னல் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

காந்திமதி திருச்சிக்குக் கொடுத்துவிட அல்வா, மிக்சர் எல்லாம் பட்டியல் போடுகிறாள். பைரவியின் பெரிய பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. நாலு நாள் தீபாவளிக்கு எதற்கு அவ்வளவு பெரிய பெட்டி என்று காந்திமதி என்னைக் கேட்டாள். பட்டுச்சேலை இருக்குமாய் இருக்கும் என்றேன்.

அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள். இந்த வீட்டில் ஒரு ஆள் அழுதால் போதும். எழுத வந்தது, ஒரு ஆளும் அழக்கூடாது என்று.

அக்டோபர் 15, புதன்

கண்டுபிடித்தேன்!

தங்க முலாம் கேபிளை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனையெல்லாம் சிவப்பு. துருவா? வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லையே, ஜெபராஜ் மாட்டினான் என்று கிளம்பத் தயாரானேன். எதற்கும் இருக்கட்டும் என்று மோந்து பார்த்தேன். சந்தனம். கோயில் வாசம் அடிக்கிறது.

டார்ச் அடித்து டிவி ஓட்டைக்குள் பார்த்தேன். சிமென்ட் வைத்துப் பூசின மாதிரி இறுகிக் கிடக்கிறது. கேம் மிஷின் முதுகிலும் அதே கதை. நான் அமுக்கி அமுக்கி ஏற்றியதில் இன்னும் நன்றாக உள்ளே இறங்கியிருக்கிறது.

ஆயுத பூஜையன்று யாரோ விவரம் இல்லாமல் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

“யாரோவா?” என்று காந்திமதி கேட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பைரவியும் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரித்து இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

காலையிலிருந்து அறுவை சிகிச்சை. மெயின் ஆஃப். பல்குச்சி, பழைய பிரஷ், பஞ்சு, கொஞ்சம் ஸ்பிரிட். பைரவி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு டார்ச் பிடித்தாள். மதியம்வரை சுரண்டினோம். மெயினைப் போட்டு, ஃபேன் காற்றில் நன்றாகக் காய வைத்தோம். பிறகு நான் டிவிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை விட்டுக்கொண்டு கேபிளைப் பிடித்திருந்தேன். கழுத்து இற்று விழுகிறது, முழங்கை மரத்துவிட்டது. ரிமோட்டை அமுக்கு என்று சொல்லியும் அமுக்கின பாடு இல்லை.

“ஏட்டி பைரவி! ரிமோட்ட அமுக்குட்டி! என்னத்த பராக்குப் பாத்துக்கிட்டு நிக்க?”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஐயோ.

கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையை ‘வாங்கம்மா, போங்கம்மா’ என்றுதான் கூப்பிடுகிறேன். படித்த பிள்ளை, வெளியூர்ப் பிள்ளை. நம் ஊர்ப் பேச்சு அவளுக்கு முரட்டுத்தனமாகத் தெரியக்கூடாது என்று காந்திமதியிடம்கூடக் கறாராகச் சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் நானே ‘ஏட்டி’ என்று கத்தித் தொலைத்திருக்கிறேன்.

ஹாலில் ரிமோட் டிக்கென்று அமுங்கியது. பிறகு டிவியிலிருந்து ஒரு இசை வந்தது. தலையை வெளியே எடுத்துப் பார்த்தால், படம் அப்படியே ஜொலிக்கிறது. ரோட்டில் கிடக்கிற சருகுகூடத் தெரிகிறது.

பைரவி என்னைப் பார்க்கவில்லை. ரிமோட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கண் கலங்கியிருந்ததோ என்னவோ. படம் வந்து என்ன பிரயோஜனம்? என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நாலு மணிக்கு விளையாட்டு ஆரம்பம். காந்திமதிக்கும் மகன் குரல் கேட்கட்டும் என்று பைரவி ஹெட்ஃபோனைக் கழற்றி, மைக்கை மட்டும் முன்னால் வைத்துவிட்டாள். டிவியிலிருந்தே கோமு பேசினான். கத்தாரில் இருப்பவன் எங்கள் ஹால் முழுக்க இருந்தான். “ஏய், கண்ணு தெரிய ஆரம்பிச்சுட்டு போல!” என்றான். அவள், “இன்னைக்குப் பாரு நீ, அழுவ போற” என்றாள். எங்கள் பைரவியா இது! சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு, காரோடு சேர்ந்து தானும் சாய்ந்துகொண்டு, ஒரே ஆர்ப்பாட்டம்.

நடுவில் அடுப்படியில் பால் பொங்கும் வாசம். காந்திமதி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். “மாமா, ஒரு நிமிஷம் பிடிங்க, இந்த பட்டன விடாம அமுக்குங்க போதும்” என்று கன்ட்ரோலரை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

நான் அமுக்கினேன். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. திரும்பவும் அமுக்கினேன், திரும்பவும் அதே சுவர்.

“என்னாச்சு உனக்கு?” என்று கோமு சிரித்தான். பிறகு அவன் குரல் இறங்கியது. “பைரவி, திருச்சியிலயே இருந்துருதேன்னு சொன்னியே. உன் இஷ்டம்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு. நீ அங்க இருந்து பேசும்போது பின்னாடி அப்பா இருமுறது கேக்கும். அம்மாவ ஏசுறது, கேட்டத் தெறக்கது எல்லாம் கேக்கும். அவருகிட்ட போன்ல எனக்குப் பேச வராது. அவருக்கும் வராது. நீ கிளம்பிட்டா அந்தச் சத்தமும் எனக்கு இல்ல. அவ்வளவுதான். சரி, நீ ஓட்டு.”

எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

டிவியில் அவன் கார் பிரேக் போட்டது.

“...அப்பா?”

சுவர் முன்னால் என் கார் நின்றுகொண்டிருந்தது.

“ஏலே, இந்தச் சுவத்துக்கிட்ட எப்படித் திரும்புறது?” என்றேன்.

“எடது கைக் குமிழ மெல்லத் திருப்புங்கப்பா. வளைவுக்கு முன்னாடியே திருப்பணும். அப்படித்தான். பட்டன விடாதீங்க” என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. என் குரலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு பேசினோம். வண்டி ஓட்டிக்கொண்டே பேசினால் பேச்சு தானாக வருகிறது. கோயில் யானைக்குக் குணமாகிவிட்டது என்று சொன்னேன். அவன் ரூமில் ஏ.சி. சத்தம் போடுகிறதாம், கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொன்னேன். மேலதிகாரியைப் பற்றி மூச்சுவிடாமல் புலம்பினான். எனக்கும் ஒரு அதிகாரி இருந்தான், அவனைப் பற்றி நானும் புலம்பினேன். கடைசி இடம் வந்தேன். கடைசிக்கு முந்தின இடம் அவன். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியிருக்கிறான், கழுதை.

திரும்பிப் பார்த்தால் பைரவி அடுப்படி வாசலில் பால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி

மின்தடை காலை, மதியம். பெரிய பெட்டி நடுஹாலில் நிற்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

பைரவியை வண்டி ஏற்ற ஜங்ஷனுக்குப் போனோம். தீபாவளிக் கூட்டம், சொல்லி மாளாது. காந்திமதி அல்வாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள் என்று ஏழாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பிவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன். மனதில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

“அன்னைக்கு நான் கத்துனத மனசுல வச்சுக்காதீங்கம்மா. அவசரத்துல வாய் தவறிட்டு.”

பைரவி என்னையே பார்த்தாள்.

“மாமா, நான் திரும்பி வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். சொல்லாம போறது தப்புன்னு தெரியும், ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்த வீட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க வாங்கம்மா போங்கம்மான்னு கூப்பிடும்போதெல்லாம், என்னைக்குக் கிளம்பறீங்கம்மான்னு கேக்கற மாதிரியே இருக்கும். நீங்க ‘ஏட்டி’ன்னு கத்துனீங்க பாருங்க... எங்கப்பாவும் என்ன ‘ஏண்டி’ன்னு அப்படித்தான் கத்துவாரு. உள்ள போய் அழுதுட்டேன். அப்பவே போன்ல ரிட்டன் டிக்கெட் போட்டேன். இருபத்தி மூணாம் தேதி வந்துருவேன்.”

“அப்ப இந்தப் பெரிய பெட்டி?”

“காலிப் பெட்டி மாமா. என் மிச்சத் துணியெல்லாம் எடுத்துட்டு வரத்தான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

“ஒண்ணு மட்டும்” என்று ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “வந்து இறங்கும்போது வாங்கம்மான்னு கூப்பிட்டீங்கன்னா, அடுத்த வண்டியிலயே திருச்சிக்குப் போயிடுவேன்.”

வண்டி ஊதிவிட்டது. நகரவும் ஆரம்பித்துவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை, சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

“ஏட்டி, கைய உள்ள எடுட்டி! வண்டி போகுது, கூறு இருக்கா உனக்கு!”

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. காந்திமதி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து, “படிச்ச பிள்ளைய இப்படியா ஏசுவாக?” என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.